சுப்பையண்ணன் நேர்ந்துவிட்ட கிடா

மலாயாவில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் சுப்பையண்ணனின் வண்டி வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். தேங்காய் ஏற்றுகிற ஒற்றை மாட்டு வண்டி அவருடையது. மாட்டோடு அவர் பேசும் பேச்சு ஆற்றங்கரை வரை கேட்கும். வீட்டில் ஏதாவது ரகசியம் பேச வேண்டுமென்றால் அவர் மனைவி பூங்காவனம் அக்கா முதலில் அவர் வாயில் வெற்றிலையை அடைப்பாள் என்று சொல்வார்கள். அது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அவரும் இல்லை, அக்காவும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் என்னோடு போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜப்பான்காரன் வந்து ஊர் கொஞ்சம் அடங்கியதும் ஊர்க்காவல் படைக்கு ஆள் சேர்த்தான். கையில் கட்ட ஒரு பட்டை, ஒரு ஊதல், ஒரு மூங்கில் தடி. சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் காவல் படையில் இருப்பவனை, போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்காகவே நான் சேர்ந்தேன். அதற்காகவே சுப்பையண்ணன் தன் ஒரே மகன் பொன்னுதுரையையும் சேர்த்துவிட்டார்.

அவர் தலைவரானது வேறு கதை. சார்ஜன் முராதா எங்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் குனியச் சொன்னான். குனிந்தோம். நிமிர்ந்தோம். சுப்பையண்ணன் மட்டும் நிமிரவில்லை. தேங்காய் மூட்டை தூக்கித் தூக்கி அவர் முதுகு எப்போதோ போய்விட்டது. குனிந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சார்ஜன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். இவ்வளவு மரியாதையை அவன் மலாயாவில் எங்கும் பார்த்திருக்க மாட்டான். பக்கத்தில் மொழிபெயர்க்க நின்ற யூனுஸ் நானா, பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்தவர், "சுப்பையா, நீதான் தலைவராம்" என்றார்.

"முதல்ல என்னைய நிமித்தி விடுங்க நானா" என்றார் அண்ணன்.

ஆட்டுக் கதைக்கு வருகிறேன்.

பொன்னுதுரை சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு அம்மை போட்டு, பிழைக்க மாட்டான் என்று எல்லாரும் கைவிட்டார்கள். சுப்பையண்ணன் பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டிக்கு ஓடிப்போய், அங்கே செட்டிகளின் சின்ன மாரியம்மன் கோயிலில் விழுந்து, உயிருக்குப் பதில் உயிராக ஒரு கிடா தருகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அப்புறம் அண்ணன் வழக்கம்போலத் தள்ளிப்போட ஆரம்பித்தார். இந்த வருஷம் மாட்டுக்குக் கால் சரியில்லை. அடுத்த வருஷம் மழை. அதற்கடுத்த வருஷம் மைத்துனன் வரவில்லை. பிள்ளைக்கு மீசை முளைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது. அப்போதுதான் ஒரு குட்டியை வாங்கிக் கோயிலில் நேர்ந்து விட்டார். அதை வெட்டுவதற்குள் சண்டை வந்துவிட்டது.

சாமிக்கு விட்ட ஆட்டை யாரும் அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. அது அந்த ஆட்டுக்கும் தெரிந்திருந்தது. செட்டிப் பெண்கள் காயப்போட்ட சாரோங்கைத் தின்னும். பூச்செடியைத் தின்னும். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று எலும்பாகிக் கொண்டிருந்தபோது அது மட்டும் கொழுத்தது. நாங்கள் அது போகும் திசையெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்போம். அவ்வளவுதான், பார்க்க மட்டும்தான்.

ஒரு நாள் சார்ஜனும் பார்த்துவிட்டான்.

மேலதிகாரி ஒருவன் விருந்துக்கு வருகிறான், இந்த ஆடு வேண்டும், நாளைக்கு மத்தியானம் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்றான்.

"அது அம்மனோட ஆடுன்னு சொல்லுங்க நானா" என்றார் அண்ணன்.

யூனுஸ் நானா சொன்னார். சார்ஜன் ஏதோ பதில் சொன்னான்.

"அம்மன்கிட்ட நீயே சொல்லிக்கணுமாம். இன்னையிலேருந்து ஆட்டுக்கு நீங்கதான் காவல். காணாமப் போனா திருடன் தலை போவும். திருடன் கிடைக்கலேன்னா உன் தலை."

அந்தக் காலத்தில் இதைப் பேச்சுக்குச் சொல்கிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பட்டணத்தில் பாலத்தருகே கம்பத்தில் செருகியிருந்த தலையை நாங்களெல்லாம் பார்த்தவர்கள்.

ஆட்டைக் கோயில் முற்றத்தில் கட்டினோம். அது கத்திய கத்தலில் கம்போங் செட்டியே எழுந்து வந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் நாயகம் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய், இடையில் ஒன்றிரண்டு சொல் மட்டும் தமிழ். "இத்து காம்பிங் டத்தோ புன்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆடு ஆத்தாளுடையது என்று அர்த்தம். அம்மனை அவர்கள் டத்தோ என்பார்கள். இனி அவர் பேசியதையெல்லாம் நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் சார்ஜனின் கார் எப்போதும் போல வந்தது. கார் தெரு முனையில் தெரிந்ததும் காவல்காரர்கள் எல்லாரும் கோயில் வாசலில் வரிசையாக நின்று குனிய வேண்டும். அது கடந்து போய் ஊதல் சத்தம் வரும்வரை நிமிரக் கூடாது. அந்தக் கார் மரக்கரியில் ஓடுவது. ஆமை அதைவிட வேகம். குனிந்தோம். போயிற்று. நிமிர்ந்தோம். முற்றத்தில் கயிறு கிடந்தது, ஆடு இல்லை.

எல்லாரும் வரிசையில்தான் இருந்தோம். பொன்னுதுரையும் தன் தகப்பனுக்குப் பக்கத்தில் சாதுவாக நின்றுகொண்டிருந்தான்.

கதையை ஒளித்து வைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். குனிந்து நிற்பவனுக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும். சுப்பையண்ணன் குனிந்திருந்தபோது பக்கத்தில் மகனுடைய கால்கள் இருந்தன. கொஞ்ச நேரத்தில் இல்லை. மறுபடி வந்தன. போன கால் காய்ந்த கால், வந்த கால் சேற்றுக் கால். கோயிலுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சேற்று வாய்க்கால், அதைத் தாண்டினால் மரவள்ளித் தோட்டம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொன்னுதுரை, மாசமாக இருந்த தன் பெண்டாட்டிக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நழுவினான். சேதி கேட்டுக் கார் திரும்பி வந்தது. சார்ஜன் கத்தினான். மேலதிகாரி சாயங்காலம்தான் வருகிறானாம். அதற்குள் ஆடும் வேண்டும், திருடனும் வேண்டும்.

தேட ஆரம்பித்தோம். நான் எத்தனையோ தேடலைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு தேடலைப் பார்த்ததில்லை. சுப்பையண்ணன் முன்னால் நடந்துகொண்டே, "டேய், எல்லாரும் கேட்டுக்குங்க, இப்ப நாம தென்னந்தோப்புப் பக்கம் போறோம். அதுக்கப்புறம் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போற ரோட்டுல தேடுவோம். மரவள்ளித் தோட்டத்துப் பக்கம் இப்போதைக்கு வரமாட்டோம்" என்று கத்தினார். காது கேளாத திருடன்கூட தப்பிவிடுவான்.

சங்கடம் என்னவென்றால் நாயகம் பிள்ளையும் கூடவே வந்தார். அவருக்குத் திருடனைப் பற்றிக் கவலையில்லை, ஆத்தாளின் ஆடு கிடைக்க வேண்டும். மனுஷன் தரையைப் பார்த்தே நடந்தார்.

"சுப்பையா, இங்கே பார். குளம்படி. மரவள்ளித் தோட்டத்துக்குத்தான் போகுது."

"அது பன்னிக் காலு பிள்ளை."

"புழுக்கையும் கிடக்கு."

அண்ணன் குனிந்து பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே இருந்தபடி, "இது முயலு" என்றார்.

"இவ்வளவு பெரிய முயலா?"

"சண்டைக் காலம் பிள்ளை. எல்லாம் தாறுமாறா இருக்கு."

அவரை நிமிர்த்தி, பத்து பெரெண்டாம் ரோடு வரை போய், அங்கே ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ஒரு சீனன் வீட்டுப் பன்றிக் கொட்டிலைப் பார்த்து, அந்தப் பன்றி எங்களைப் பார்த்து, திரும்பினோம். மற்றவர்கள் களைத்துப்போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாயகம் பிள்ளை மட்டும் உட்காரவில்லை. அவர் பாட்டுக்கு மரவள்ளித் தோட்டத்துக்குள் நுழைந்தார். சுப்பையண்ணன் பின்னாலேயே ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன்.

தோட்டத்துக்கு நடுவில் கொப்பரை காயவைக்கும் பழைய கொட்டகை ஒன்று உண்டு. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம்.

ஆடு நடுவில் நின்றது. கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம். உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, எதையோ மென்றுகொண்டிருந்தது. பொன்னுதுரை குடத்தோடு எதிரே நின்றான். அவனும் முழுக்க நனைந்திருந்தான். கையருகில் பாராங் கத்தி. மூலையில் கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் அவன் பெண்டாட்டி ருக்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மசாலா அரைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"சிலுப்புடா சாமி, சிலுப்பு" என்று ஆட்டைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான் பொன்னுதுரை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ந்துவிட்ட கிடாயைச் சும்மா வெட்டிவிட முடியாது. மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டின் கழுத்தில் எங்கள் ஆள் எவனும் கத்தி வைக்க மாட்டான். திருடினவனும் வைக்க மாட்டான். வேறு எவனாவது திருடியிருந்தால் காலையிலேயே எலும்பைப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவியிருப்பான். இவன் காலையிலிருந்து ஆட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா" என்றார் சுப்பையண்ணன். இன்னொரு தடவை, "ஏன்டா, தலை போற வேலைடா இது" என்றார்.

"ஏற்கெனவே போற தலைதானே அப்பா. என் உசிருக்கு நேந்த ஆடு. அதை ஜப்பான்காரன் திங்கப் போறான். அப்ப என் உசிருக்கு யாரு பதில் சொல்றது? இவளுக்கு இந்த மாசமே பொறந்துரும். நான் வேணாமா அதுக்கு?"

"அதுக்கு என்கிட்ட கேக்கலாமுல்ல."

"கேட்டா அடுத்த வருசம்னு சொல்வீங்க."

ருக்மணி அந்த நேரத்திலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாதல்லவா.

"சரி, ஆட்டைக் கொடு" என்றார் அண்ணன். "வாய்க்கால்ல நின்னுச்சுன்னு சொல்லிக் கொண்டுபோய்க் கட்டிடறேன். அவனுக்கு ஆடு கிடைச்சாப் போதும். திருடனை நான் பேசிக்கிறேன்."

"தரமாட்டேன்."

"தாடா."

"நீங்க அப்பாவா, இல்ல ஜப்பான்காரனோட தலையாரியா? அதை மொதல்ல சொல்லுங்க."

சுப்பையண்ணனுக்கு அப்போது வந்த கோபத்தைப் பார்த்து நான் ஒதுங்கிக்கொண்டேன். குடத்தைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீர் முழுவதையும் மகன் மூஞ்சியில் வீசினார். அவன் குனிந்துவிட்டான். தண்ணீர் அத்தனையும் ஆட்டின் மேல் போய் விழுந்தது.

ஆடு மெல்லுவதை நிறுத்தியது. தலையை ஆட்டியது. பிறகு கழுத்து, முதுகு, வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. எங்கள் எல்லார் மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது.

நாயகம் பிள்ளைதான் கைகூப்பினார். "நேர்ந்தது யார்? நீ. நேர்ந்தவன் கையால் தண்ணி விழாமல் ஆத்தா எப்படித் தலையாட்டுவா? பையன் ராத்திரி வரைக்கும் ஊத்தினாலும் நடக்காது." ஆட்டின் நெற்றியைத் தொட்டு, "இனிமே இதைத் திருப்பிக் கட்ட முடியாது, சுப்பையா. சம்மதம் வந்தாச்சு" என்றார்.

அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சம்மதம் கொடுத்த ஆட்டை வெட்டாமல் விட்டால் நேர்ந்த உயிருக்கு ஆகாது. வெட்டினாலோ சார்ஜன். சுப்பையண்ணன் ஆட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மருமகள் வயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த காவல் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"லேட்டாயிருச்சு தாயே" என்றார். பாராங்கை எடுத்தார்.

பூங்காவனம் அக்காவைக் கூட்டி வந்தேன். திட்டிக்கொண்டே வந்தாள், திட்டிக்கொண்டே சமைத்தாள். வரிசையாக எல்லாரையும் திட்டினாள்: மகனை, புருஷனை, என்னை, ஜப்பான் ராஜாவை. முறைப்படி தலை கோயிலுக்கு. நாயகம் பிள்ளை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஈரலையும் கொஞ்சம் கறியையும் ருக்மணிக்கு எடுத்து வைத்தார்கள். மிச்சம் முழுக்கப் பெரிய பானையில் வெந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கம் கறி வாசனை கிடையாது. தோட்டத்து வரப்பில் ஒவ்வொருவனாக வந்து நின்று மூக்கை உயர்த்த ஆரம்பித்தான். எல்லாரையும் நான் தடியைக் காட்டி விரட்டினேன். காவல் படையில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

சுப்பையண்ணன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்தார். பட்டையை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார். பானைக் காதில் மூங்கிலைச் செருகி ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அக்கா தன் சீதனப் பித்தளை மூடியால் பானையை மூடிவிட்டாள்.

கம்போங் செட்டியைத் தாண்டியதும் அண்ணன் சொன்னார்: "பானையை இறக்குனதும் நீ நடையைக் கட்டிரு. சார்ஜன் திருடன் எங்கன்னு கேப்பான். நான்தான்னு சொல்லிருவேன்."

நான் பானையை அப்படியே போட்டிருப்பேன். "தலையை எடுத்துருவான்ண்ணே."

"எடுக்கட்டும். இந்த முதுகோட எத்தனை நாளு கிடக்கிறது." கொஞ்ச தூரம் நடந்து, "பையன்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா, நான்தான்னு அவன் ஓடிவருவான். அவன் அப்படிப்பட்ட மடையன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அப்புறம் வழி முழுக்க ஜப்பான் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "வாத்தாஷி, டொரோபோ. வாத்தாஷி, டொரோபோ." நான் திருடன் என்பதற்கு அதுதானாம். காலையில் சேற்றுக் காலைப் பார்த்ததுமே யூனுஸ் நானாவிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டு வைத்துக்கொண்டாராம்.

ஸ்டேஷனில் மேலதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். மேசையில் அவித்த கிழங்கும் ஒரு காய்ந்த மீனும். அவன் மீனைப் பார்க்கிறான், மீன் அவனைப் பார்க்கிறது. சார்ஜன் முராதா பக்கத்தில் விறைத்து நின்றான், சட்டை முதுகெல்லாம் வேர்வை. அந்த நேரத்தில் பானையை இறக்கினோம்.

அதிகாரியே எழுந்து வந்து மூடியைத் திறந்தான். வாசனை அறையை நிறைத்தது. கண்ணை மூடிக்கொண்டான். தட்டு வந்தது. ஒரு துண்டு எடுத்தான். பிறகு கிழங்கை ஒதுக்கிவிட்டான்.

யூனுஸ் நானா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "படைச்ச ஆடு, எனக்கு ஆகாது" என்று எங்களுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். "ஆனா சுப்பையா, இந்த வாசனைக்கு நான் எங்கே போய் ஒளியறது."

சார்ஜன் கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கேட்டான். திருடன் எங்கே என்பது எனக்கே புரிந்தது. சுப்பையண்ணன் என்னை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் ஓர் அடி வைத்துக் குனிந்தார்.

"வாத்தாஷி" என்றார், வண்டிமாட்டை அதட்டும் குரலில்.

அதிகாரி வாய் நிறையக் கறியோடு நிமிர்ந்து பார்த்தான். சார்ஜனிடம் என்னவென்று கேட்டான். சார்ஜனின் முகம் மாறியது. பின்னால் நானா சொல்லித்தான் தெரியும்: தான் வந்த பிறகு காஜா பெராங்கில் ஓர் ஊசிகூடக் களவு போனதில்லை என்று சற்றுமுன்புதான் அவன் அதிகாரியிடம் மார்தட்டியிருக்கிறான். அதற்காகவே பாராட்ட வந்த அதிகாரியாம் அவன்.

சார்ஜன் அவசரமாக ஏதோ சொன்னான். அதிகாரி தலையாட்டிவிட்டு எலும்பை உறிஞ்சினான்.

"வாத்தாஷி" என்று சுப்பையண்ணன் மறுபடி ஆரம்பித்தார். எடுத்த காரியத்தை முடிக்காமல் அவர் விடுவதாக இல்லை. வாழ்நாளிலேயே அவர் தள்ளிப்போடாத காரியம் அது ஒன்றுதான்.

"பகெரோ" என்று, அதாவது மடையா என்று, சார்ஜன் மெதுவாகச் சீறினான். காலால் தரையைத் தட்டினான்.

"டொ..." என்றார் அண்ணன்.

யூனுஸ் நானா பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "அட சனியனே, வாயை மூடு. இங்கே திருடனும் இல்லே, திருட்டும் இல்லே. ஊர்க்காவல் தலைவர் விருந்து கொண்டாந்திருக்காருன்னு சார்ஜனே சொல்லிப்புட்டான். இனிமே திருடன்னு எவன் சொன்னாலும் அவனுக்குத்தான் கேடு. அப்படியே பின்னால நட."

"பின்னால நடக்க முடியாது நானா. முதுகு பிடிச்சுக்கிச்சு."

குனிந்தபடியே அவரை நானும் நானாவும் வெளியே இழுத்துக்கொண்டு வந்தோம். அதிகாரி அந்த மரியாதையைப் பார்த்துப் பதிலுக்குக் குனிந்தானாம்.

மிச்சக் கறி சிப்பாய்களுக்குப் போயிற்று. வழித்த பானையை எங்கள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்டேஷன் கண்ணுக்கு மறைந்ததும் சுப்பையண்ணன் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நான் என் துண்டால் விசிறினேன். கொஞ்ச நேரம் கழித்து, "கறி நல்லாருந்திருக்கும் போல" என்றார்.

"நாம ஒரு துண்டுகூடத் திங்கலையேண்ணே."

"ஆமா" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

வீட்டில் பொன்னுதுரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே ருக்மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூங்காவனம் அக்கா பானையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடி எங்கே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மூடி அங்கேயே மேசையில் கிடக்கிறது.

"எங்கம்மா கொடுத்த பித்தளை மூடி. ஒரு மூடியைப் பத்திரமா கொண்டார துப்பில்லே. போன இடத்துல புத்தி எங்கய்யா இருந்துச்சு உனக்கு?"

சுப்பையண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். திரும்பி வரப்போவதில்லை என்று போனவன் மூடியை எங்கே நினைப்பான்? அதைச் சொல்ல முடியுமா? ஊரையே எழுப்பும் அந்தக் குரல் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

"நான் வேணா போய்க் கேட்டு வாங்கிட்டு வரட்டா அப்பா?" என்றான் பொன்னுதுரை. அவன் அப்படிப்பட்ட மடையன்தான்.

"நீ எங்கேயும் போவ வேணாம்" என்றார் அண்ணன். "இங்கயே உக்காரு. இப்படி, என் பக்கத்துல உக்காரு."

சில நாளில் ருக்மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் வந்தான், போனான். பூங்காவனம் அக்கா அந்த மூடிக்காக அவரைக் கடைசிவரை திட்டினாள். விருந்தாளி வந்தால் அவர்களிடமும் சொல்லித் திட்டுவாள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. பொன்னுதுரை இப்போது ஆயர் குரோ பக்கம் லாரி ஓட்டுகிறான், பேரன் எடுத்துவிட்டான். இதைப் படித்தால், அந்த மூடி ஏன் திரும்பி வரவில்லை என்று அவனுக்கு முதல் தடவையாகத் தெரியும்.